படம் எடுத்தவர் பெயர்

ஜனவரி 8, திங்கள்

மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. வாஷர் தேய்ந்திருந்தது. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்து, மோட்டாரைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தபோது மணி பதினொன்று. கையெல்லாம் கிரீஸ். நிமிர்ந்து பார்த்தால் ஹெப்சிபா வாசலில் நிற்கிறாள். திங்கட்கிழமை அவளுக்கு ஏழு பீரியடும் வகுப்பு. பாதியில் வந்ததே கிடையாது.

“உடம்புக்கு என்னட்டி?” என்றேன். மூன்று வருடமாக இந்த வீட்டில் முதலில் வருகிற கேள்வி அதுதான்.

போனை நீட்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண் தூங்குகிறாள். தலையில் ஒரு முடி இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கழுத்தோரம் குழாய். மேலே சிவப்பு எழுத்து: ‘தகப்பனை இழந்த பிரியா, வயது 22, உயிருக்குப் போராடுகிறாள். உதவுங்கள்.’ கீழே பணம் அனுப்ப ஓர் எண்.

பிரியா இல்லை அது. என் மகள். வயது இருபத்தெட்டு. ரத்தப் புற்றுநோய் வந்து, மதுரையில் எட்டு மாதம் கிடந்து, பிழைத்து, இப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேதியியல் டீச்சர். தகப்பன் நான் உயிரோடு இருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய் இந்தப் படத்தைப் பிரின்சிபாலிடம் காட்டி, “உங்க டீச்சர் கேன்சர்னு சொல்லி வசூல் பண்ணுதாங்களா?” என்று கேட்டிருக்கிறாள். நோய் வந்த விஷயமே பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஹெப்சிபா சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எங்களிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“யாருப்பா எடுத்திருப்பா?” என்றாள்.

“ஆஸ்பத்திரியில எத்தனையோ பேரு வந்து போனாவ” என்றேன்.

மோட்டாரை மாட்டி முடித்தேன். மாலையில் தண்ணீர் ஏறியது. போனில் இடம் குறைவாக இருந்ததால் பழைய படங்கள் சிலவற்றை நீக்கினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

ஒரு படத்தைக் கொடுத்து, அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட முடியுமாம். ஹெப்சிபா காலையிலிருந்து அதைத்தான் செய்கிறாள். பதினோரு இடம் அகப்பட்டது. ஒன்றில் அவள் பெயர் பிரியா, ஒன்றில் ஆயிஷா, ஒன்றில் ஆந்திரப் பெண் சுஜாதா. எல்லாவற்றிலும் தகப்பன் செத்துப்போயிருக்கிறான்.

ஒவ்வொன்றிலும் ‘இது என் படம், நீக்கவும்’ என்று புகார் அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் நாலு பதில் வந்தது. நாலும் ஒரே வாசகம். ‘இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை.’

“மொட்டத் தலையோட என் படம் ஒண்ணுகூட இந்த உலகத்துல இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்லப்பா” என்றாள். சொல்லியிருந்தாள். டாக்டர் வரும்போதுகூடத் தலைக்குத் துணி கட்டிக்கொள்வாள். மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் லிஜிதான் கட்டிவிடுவாள்.

என் மனைவி ரூத் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 11, வியாழன்

பிரின்சிபால் போன் செய்தாராம். பிரச்சினை தீரும்வரை லீவில் இருக்கச் சொல்கிறார். ஜூனில் அவளை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அக்காவை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூப்பிட்டுப் பேசினேன். எங்கள் சபையின் ஜெபக் குழுவை வாட்ஸப்பில் நடத்துவது அவள்தான்.

“மூணு வருசம் முன்னால ஹெப்சிபாவுக்காக ஒரு ஜெப விண்ணப்பம் வந்துச்சே, அதை வெளிய எங்கயும் போட்டியளா?”

“போட்டேனே அண்ணாச்சி. பேஸ்புக்குல. ‘இந்தச் சகோதரிக்காக ஒரு ஆமென் சொல்லுங்க’ன்னு. ஆயிரத்து இருநூறு ஆமென்! அந்த ஜெபத்துலதான பிள்ளை எழும்பி வந்தா.”

“படத்தோடயா?”

“படம் இல்லாம எப்படி? நீங்கதான அனுப்புனிய.”

அதை எடுத்துவிடச் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. நல்ல மனுஷி. என் முன்னாலேயே எடுத்துவிட்டாள். ஹெப்சிபாவிடம் இதைப் பேச வேண்டாம், பிள்ளை மனம் உடைந்திருக்கிறாள் என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

எஸ்தர் அக்கா போட்டதை எடுத்தாயிற்று. ஆகவே மூலம் அடைபட்டது. மற்றவை தானாக வற்றிவிடும்.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. போலீசில் புகார் கொடுக்கப் போகலாம் என்ற ஹெப்சிபாவிடம், சைபர் கிரைம் அலுவலகம் மூடியிருக்கும் என்றேன். போன் செய்து பார்க்கவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

வற்றவில்லை. இன்று பத்தொன்பது இடம். ஹெப்சிபா என்னைக் கேட்காமலே சைபர் கிரைம் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பெயர் இசக்கியம்மாள். முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

“பணம் வாங்குறவனைப் பிடிக்க நாளாகும். எண்ணு வடநாட்டுல இருக்கு. ஆனா படத்தை நீக்க ஒரு வழி இருக்கு. படத்துல இருக்கிறவங்க சொன்னா சில கம்பெனிக்காரன் இழுத்தடிப்பான். படத்தை எடுத்தவங்க, ‘இது நான் எடுத்தது, என் அனுமதி இல்லாம போட்டிருக்கான்’னு காப்புரிமைப் புகார் குடுத்தா ரெண்டு மூணு நாள்ல தூக்கிருவான். யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?”

“தெரியலை மேடம்” என்றாள் ஹெப்சிபா. அப்புறம் யோசித்துச் சொன்னாள்: “நான் தூங்கும்போது ரூமுக்குள்ள வர்றது மூணே பேருதான். அம்மா, அப்பா, நர்ஸ் லிஜி.”

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார். சும்மாதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“அப்படின்னா அந்த நர்ஸ்தானா?”

“வேற யாரு மேடம்?” என்றாள் என் மகள்.

வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் பஸ் அரைமணி நேரம் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 21, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஹெப்சிபா லிஜிக்குப் போன் போட்டாள். லிஜி இப்போது குவைத்தில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை இருவரும் பேசிக்கொள்வார்கள். ஹெப்சிபாவுக்கு முதல்முதலாக முடி முளைத்தபோது அதைத் தொட்டுப் பார்த்து முத்தம் கொடுத்தவள் அவள். கதவு திறந்திருந்தது.

“எதுக்கு லிஜி என்னைப் படம் எடுத்தே? யாருக்கு வித்தே?”

ஸ்பீக்கரில் லிஜியின் மலையாளம் கலந்த குரல் கேட்டது. “நானா? மோளே, நானா? படம் எடுக்க வந்தவங்களை எல்லாம் விரட்டினது நானல்லே?”

“அம்மா எடுக்கமாட்டா. அப்பா எடுக்கமாட்டாரு. அப்ப நீதான. திருடி! நான் தூங்குறதைத் திருடிட்டே.”

அதன்பிறகு அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

நான் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணியில் தண்ணீரை மூடிக் கிடக்கும் அமலைச்செடியை அகற்றும் பணி தொடங்குகிறதாம்.

ஜனவரி 22, திங்கள்

கோயில் தெரு டாக்டரிடம் போனேன். பிரஷர் கூடியிருக்கிறது.

ஜனவரி 25, வியாழன்

இருபத்தாறு இடம். ஒருவன் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பள்ளி ஆண்டுவிழாவில் ஹெப்சிபா மேடையில் நிற்கிற படத்தையும் ஒட்டி, ‘புற்றுநோய் நாடகக்காரி’ என்று எழுதியிருக்கிறான். அவள் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்று அதன் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறது. பெயரைச் சொன்னாள். நல்லா படிக்கிற பிள்ளையாம்.

மத்தியானம் ஹெப்சிபா குளிக்கப் போயிருந்தபோது ரூத் என் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?”

“என்னத்தை?”

“ஜெபக் குழுவுல நானும் இருக்கேங்க. அன்னைக்கே பார்த்தேன்.”

“அன்னைக்கே ஏன் கேட்கலை?”

“பிள்ளை சாகக் கெடந்தா. உங்ககிட்ட எதைக் கேட்க? இப்ப ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களே சொல்லுவியன்னு பார்க்கேன். அந்த லிஜிப் பிள்ளை அழுதப்பகூட எந்திரிக்கலையே நீங்க.”

முப்பத்தொரு வருட வாழ்க்கையில் ரூத் என்னிடம் இந்தக் குரலில் பேசியதில்லை.

ஜனவரி 27, சனி

எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் அன்று மதியம் மூன்று மணி. ரத்த அணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ரூத் சோறு வாங்கப் போயிருந்தாள். ஹெப்சிபா மருந்தில் அயர்ந்து கிடந்தாள். தலைத்துணி நழுவித் தலையணையில் கிடந்தது. அதைக் கட்டிவிட்டிருக்கலாம். போனை எடுத்தேன்.

அதற்கு முன் எத்தனையோ முறை எழுத்தில் விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். ‘ஜெபிக்கிறோம்’ என்று பதில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பார்த்தால்தான் உருகுவார்கள் என்று நினைத்தேன். உருகினார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது போன். சர்வே ஆபீசில் என்னோடு வேலை பார்த்து, முகம் கொடுத்துப் பேசாதவன்கூட அழுதான். அந்த வாரம் முழுக்க நான் தனியாக இல்லை.

அவளுக்காக அனுப்பினேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லிவந்தேன்.

ஜனவரி 29, திங்கள்

தனியாக சைபர் கிரைம் அலுவலகம் போனேன். இசக்கியம்மாள் என்னைப் பார்த்ததும் பக்கத்து மேசைக் கான்ஸ்டபிளை வெளியே அனுப்பினார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“ஒரிஜினல் இருக்கா சார்?”

“அழிச்சிட்டேன்.”

“எப்ப?”

“எட்டாம் தேதி.”

அதைக் குறித்துக்கொண்டார். ஜெபக் குழுவில் என் பெயர், தேதி, நேரத்தோடு அது இன்னும் கிடக்கும், அதுவே சாட்சிக்குப் போதும் என்றார். என் போனில் அந்தப் பக்கம்வரை தேடிப் போய் எடுத்துக் கொடுத்தேன். மேலே நான் எழுதியிருந்தது: ‘என் மகளின் நிலையைப் பாருங்கள்.’ பாருங்கள் என்றுதான் எழுதியிருந்தேன்.

“மேடம், இதுல எடுத்தவர் பேர் இல்லாம செய்ய முடியாதா?”

“அந்தக் கட்டத்துக்குத்தான சார் இந்த ஃபார்மே.” பேனாவை மூடி வைத்தார். “அந்த நர்ஸ் பேருல விசாரணை கேட்டு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தயாரா இருக்கு. இன்னைக்கு அனுப்ப இருந்தேன். நிப்பாட்டிருதேன். ஆனா உங்க மககிட்ட நீங்க சொல்லணும். நான் சொல்லுறது நல்லாருக்காது.”

சரி என்றேன்.

ஜனவரி 31, புதன்

இருபத்தெட்டு இடங்களுக்கும் புகார் போயிற்று. இருபத்தெட்டு முறை என் பெயரை எழுதினேன். வரைபடத்தின் மூலையில் ‘வரைந்தவர்’ என்று கையெழுத்துப் போட்டே முப்பத்துநாலு வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான்.

பிப்ரவரி 2, வெள்ளி

இருபத்துமூன்று இடத்தில் படம் போய்விட்டது! தொட்டால் வெறும் சாம்பல் நிறக் கட்டம். ஹெப்சிபா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அவளே ரவா கேசரி கிண்டினாள். ரூத்துக்கு ஊட்டினாள். எனக்கும் ஒரு தட்டில் வைத்தாள்.

“போலீஸ்ல போனது நல்லதாப் போச்சுப்பா. நீங்க கூட வந்ததும்” என்றாள்.

இன்று சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பிப்ரவரி 3, சனி

புகாரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது. நாலரை மணிக்கு வந்தாள். ரூத் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, கையிலிருந்த நகலைப் பிரித்து வாசித்தாள். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரல்.

“‘படம் எடுத்தவர் பெயர், இ. ஆசீர் செல்வராஜ். படத்தில் உள்ளவருக்கு உறவு, தந்தை.’”

“பிள்ள, ஜெபத்துக்குத்தான்...”

“லிஜிகிட்ட நான் பேசும்போது நீங்க எங்க இருந்திய?”

“இங்கதான். மேசையில.”

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“திருடின்னு சொன்னது?”

“கேட்டுச்சு.”

ரூத் டம்ளரைக் கீழே வைத்தாள். ஹெப்சிபா அவளைப் பார்த்து, “உனக்கும் தெரியுமாம்மா?” என்றாள். ரூத் சேலையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

“பயந்து போய் எடுத்திருப்பாரு. நான் பொழைக்க மாட்டேன்னு நினைச்சிருப்பாரு” என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “எட்டாம் தேதி கேட்டேன்லப்பா, யாரு எடுத்ததுன்னு. அன்னைக்கு நான்தான்னு சொல்லியிருந்தா ஒருநாள் கத்தியிருப்பேன். மறுநாள் ரெண்டு பேருமாச் சேர்ந்து படத்தைத் தூக்க வச்சிருப்போம்.” காகிதத்தை நாலாக மடித்தாள். “இருபத்தாறு நாளு.”

காப்பி ஆறிப்போய்விட்டது. யாரும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

எஸ்தர் அக்கா ஜெபக் குழுவில் சாட்சி எழுதியிருக்கிறாள். சகோதரி ஹெப்சிபாவின் காரியத்தை ஆண்டவர் ஜெயமாக முடித்தார் என்று. கூடவே கிறிஸ்துமஸ் அன்று ஹெப்சிபா பச்சைச் சேலையில் நிற்கிற படம். அரை மணியில் முப்பது கைகூப்பும் பொம்மைகள்.

போன் செய்து அதை அழிக்கச் சொன்னேன். “சந்தோசமான படம்தான அண்ணாச்சி?” என்றாள். புரியவைக்க என்னால் முடியவில்லை. குழுவிலிருந்து விலகிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

லிஜிக்கு ஹெப்சிபா நீண்ட குரல் செய்தி ஒன்று அனுப்பினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நானும் இரண்டு வரி எழுதினேன். இருவருக்கும் பதில் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து நான் கோவிலிலிருந்து திரும்பியபோது ஹெப்சிபா சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தாள்.

“போனைக் குடுங்க.”

கொடுத்தேன். எதிரே உட்காரச் சொன்னாள். படங்களைத் திறந்தாள். என்னிடம் அவள் படம் நானூற்றுக்கு மேல் இருந்தது. பழைய ஆல்பத்தில் இருந்தவற்றையும் போனில் படமெடுத்து வைத்திருந்தேன்.

“இது எடுக்கும்போது என்கிட்ட கேட்டியளா?” மாம்பழம் தின்கிற படம். ஏழு வயது.

“கேக்கலை.”

அழித்தாள்.

“இது?” ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்.

“கேக்கலை.”

பத்துப் படம்வரை வாயால் கேட்டாள். அப்புறம் நிமிர்ந்து பார்ப்பாள், நான் தலையசைப்பேன், விரல் அழுத்தும். சபையில் திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளை உடை உடுத்தி நின்றது. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டோடு. மழையில் சைக்கிளோடு. கோபத்தில் இல்லை அவள். விடைத்தாள் திருத்துகிறதுபோல் நிதானமாக இருந்தாள். ரூத் உள்ளே படுத்துவிட்டாள்.

குற்றாலத்தில் எடுத்த ஒன்று வந்தது. நோய்க்கு முந்தின வருடம். இடுப்புவரை ஈர முடி, கண்ணை மூடிச் சிரிக்கிறாள்.

“இது நீயே எடுக்கச் சொன்னது” என்றேன். “‘அப்பா, ஒண்ணு எடுங்க’ன்னு சொன்னே.”

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஞாபகம் இல்லை” என்றாள்.

அதையும் அழித்தாள்.

நான் சொன்னது உண்மை. ஆனால் நம்பு என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை.

“அம்மா போனுல இருக்கிறது இருக்கட்டும்” என்று எழுந்து போனாள். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

மீதி ஐந்து இடத்திலும் படம் போய்விட்டது. பள்ளியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போய் வருகிறாள். ரூத்திடம் சொன்னாளாம்: “பிள்ளைங்க என் முகத்தைப் பார்க்கலைம்மா. முடியைப் பார்க்குதுங்க, ஒரிஜினலான்னு.”

மார்ச் 10, ஞாயிறு

ஹெப்சிபா கோயம்புத்தூர் போகிறாள். ஒரு டியூஷன் சென்டரில் வேலை. ரூத் ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். பெட்டியை ஸ்டேஷன்வரை நான் தூக்கி வந்தேன், தடுக்கவில்லை. ரயில் கிளம்பும்போது, “மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, பிரஷர் கூடிரும்” என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வாரம் ஒருமுறை நானும் படத்தைக் கொடுத்துத் தேடும் வழியைப் படித்துக்கொண்டு தேடுகிறேன். ஐந்து வாரமாக ஒன்றும் இல்லை. இன்று ஒன்று. வேறு பெயர், வேறு எண். தகப்பனை இழந்த என்பது மட்டும் அப்படியே.

உடனே புகார் எழுத உட்கார்ந்தேன். பிறகு நிறுத்தினேன். ஹெப்சிபாவுக்குச் செய்தி அனுப்பினேன்: ‘ஒரு இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. நான் புகார் கொடுக்கட்டுமா?’

காலை ஒன்பதே காலுக்கு அனுப்பியது. ஒன்பதரைக்குப் பார்த்துவிட்டாள். ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். ரூத்துக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். மாலை ஐந்தரைக்குப் பதில் வந்தது.

‘குடுங்க.’

ஒரு சொல். அப்பா என்று இல்லை.

புகாரோடு படத்தை இணைக்க வேண்டும். ஆகவே அதைப் போனில் இறக்கினேன். வெறும் திரையில் அது மட்டும் வந்து உட்கார்ந்தது. என் போனில் இப்போது இருக்கிற ஒரே மகள் படம்.

பெயரை எழுதினேன். உறவை எழுதினேன். அனுப்பினேன். பிறகு படத்தை அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவளுக்கு எழுதினேன். இன்னும் பார்க்கவில்லை.